மனம் புதிதாகுதலும் அன்றாட விசுவாச வாழ்க்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"மனம் புதிதாகுதல்" என்று வேதம் சொல்வது எதை?

ஏறக்குறைய கி.பி. 57-இல் கொரிந்துவிலிருந்து ரோமாபுரியின் விசுவாசிகளுக்கு எழுதிய நிருபத்தில், முதல் பதினொரு அதிகாரங்களைத் தேவன் மனிதருக்குச் செய்ததை விளக்குவதற்கே பவுல் அப்போஸ்தலன் பயன்படுத்துகிறார். அதற்குப் பிறகே, பன்னிரண்டாம் அதிகாரத்தில், "நீங்கள் இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல், தேவனுடைய நன்மையும் பிரியமும் பரிபூரணமுமான சித்தம் இன்னதென்று பகுத்தறியத்தக்கதாக, உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்று கேட்டுக்கொள்கிறார். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். தேவ இரக்கத்தைச் சம்பாதிப்பதற்காக மனதைச் சீர்படுத்தும்படி அவர் சொல்லவில்லை. இரக்கம் கிடைத்தாகிவிட்டது, அதைப் பெற்றவர்களைப் போல யோசிக்கப் பழகுங்கள் என்கிறார்.

எது பெருமை, எது அவமானம், எது லாபம், எது நஷ்டம் என்று ஒருவர் தமக்குள் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாரே, அந்தக் கணக்கு நடக்கும் இடத்தைத்தான் இங்கே மனம் என்று புரிந்துகொள்ளலாம். யாரையாவது முந்திக்கொண்டால்தான் தமக்கு மதிப்பு என்று நம்புகிறவரும், சிலுவையில் தமக்காக உயிர்கொடுத்தவர் ஏற்கெனவே தம்மை மதிப்புள்ளவராக எண்ணியிருக்கிறார் என்று நம்புகிறவரும் ஒரே ஆராதனையில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஒரே பாடலைப் பாட முடியும். ஆனால் மறுநாள் காலையில் ஒருவர் அவர்களைக் குறை சொல்லும்போது, இருவரும் வெவ்வேறு விதமாகப் பதில் சொல்வார்கள். மனம் புதிதாகுதல் அந்த மறுநாள் காலையைப் பற்றியது.

பலர் கவனியாமல் கடந்துபோகும் ஒன்றும் உண்டு. மனம் புதிதாவதைப் பற்றிச் சொன்ன உடனே, அடுத்த வசனத்திலேயே, ஒருவனும் தன்னைக்குறித்து எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணக்கூடாது என்று பவுல் தொடங்குகிறார். தொடர்ந்து வருபவை எல்லாம் அந்நியரை உபசரித்தல், அழுகிறவர்களோடு அழுதல், தாழ்ந்தவர்களோடு இணங்குதல், பழிவாங்காதிருத்தல், பசித்திருக்கும் சத்துருவுக்கு உணவு கொடுத்தல் போன்றவை. உள்ளத்தில் ஏற்படும் பரவசத்தைப் பற்றி அங்கே அதிகம் இல்லை. மனம் புதிதாவதின் பலன் பிறரிடம் நடந்துகொள்ளும் விதத்தில் தெரியவேண்டும் என்பதோடு, அப்படி நடந்துகொள்வதன் வழியாகவே மனமும் புதிதாகிறது என்பதுதான் இங்குள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டபோதே எல்லாம் புதிதாகிவிட்டது அல்லவா? பிறகு ஏன் மறுபடியும் புதிதாக வேண்டும்?

ஒருவன் கிறிஸ்துவுக்குள் இருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான் என்று 2 கொரிந்தியர் 5:17 சொல்வது முழு உண்மை. ஆனால் அதே நிருபத்தின் 4:16, உள்ளான மனுஷன் நாளுக்கு நாள் புதிதாக்கப்படுகிறதாகவும் சொல்கிறது. முதலாவது நம் நிலையைப் பற்றியது, இரண்டாவது நம் வளர்ச்சியைப் பற்றியது. இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள், ஒன்று தங்கள் குறைகளைப் பார்க்க மறுப்பார்கள், அல்லது தாங்கள் இரட்சிக்கப்பட்டோமா என்றே தினமும் சந்தேகப்படுவார்கள்.

சபை வரலாற்றில் இதற்கு நல்ல உதாரணம் அகஸ்டின். கி.பி. 386-இல் மிலான் நகரில், ஒரு தோட்டத்தில் ரோமர் 13-ஆம் அதிகாரத்தின் வரிகளை வாசித்த மாத்திரத்தில் அவருடைய பல ஆண்டுகால போராட்டம் ஒரு முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு உயிர்த்தெழுதல் பண்டிகையின்போது ஆயர் அம்புரோசின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் சுமார் பத்தாண்டுகளுக்குப் பிறகு, தாமே ஆயராக இருந்த காலத்தில், தம் வாழ்க்கையைத் தேவனிடம் அறிக்கையிட்டு எழுதியபோது, புகழ்ச்சிக்கு மயங்குவது உட்படத் தம்மை இன்னும் சோதிப்பவை எவை என்பதை விரிவாகவே ஒப்புக்கொண்டார். அந்தத் தோட்டத்தில் நடந்தது உண்மையான மனந்திரும்புதல்தான். அது ஒரு தொடக்கமாகவும் இருந்தது.

இது தேவன் செய்யும் வேலையா, நாம் செய்ய வேண்டிய வேலையா?

பிலிப்பியர் 2:12 "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்கிறது. அடுத்த வசனம், விருப்பத்தையும் செய்கையையும் நம்மில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது. பவுல் இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்தவில்லை. தேவன் உள்ளே கிரியை செய்வதால்தான் நாம் பிரயாசப்படுவது வீணாகாது என்பதே அவருடைய வாதம். நடைமுறையில் இதன் பொருள் எளிது: ஜெபித்துவிட்டு எழுந்து செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும், செய்துமுடித்தபின் அதற்கான மகிமையைத் தமக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது.

தினமும் வேதம் வாசிக்கிறேன், ஆனால் என்னில் எந்த மாற்றமும் தெரியவில்லையே?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் பெரும்பாலும் உண்மையுள்ளவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை வேதத்தை முழுவதும் வாசித்து முடிக்கிறவர்கள்கூட இதைக் கேட்கிறார்கள். இன்னும் அதிகமாக வாசியுங்கள் என்று அவர்களுக்குச் சொல்வது பலருக்கு உதவாது என்பதே என் கருத்து.

கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள் என்று எழுதும் யாக்கோபு, செய்யாமல் கேட்கிறவனைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய், தன் சாயல் இன்னதென்பதை உடனே மறந்துவிடுகிறவனுக்கு ஒப்பிடுகிறார் (யாக்கோபு 1:22-24). அந்த மனிதன் பார்க்காமல் இருக்கவில்லை, நன்றாகவே பார்த்தான். பார்த்ததைக் கொண்டு ஒன்றும் செய்யவில்லை, அவ்வளவுதான். அதே இடத்தில் யாக்கோபு, அவன் தன்னைத்தானே வஞ்சித்துக்கொள்கிறான் என்ற கடினமான வார்த்தையையும் பயன்படுத்துகிறார், ஏனென்றால் வாசித்து முடித்த திருப்தியே கீழ்ப்படிந்துவிட்ட திருப்தியைப் போலத் தோன்றக்கூடியது.

ஒரே ஒரு வசனத்தை ஒரு நாள் முழுவதும் எப்படிச் சுமப்பது என்று பார்ப்போம். காலையில் யாக்கோபு 1:19-ஐ வாசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: "யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள்." முதலில் அதை வாய்விட்டு இரண்டு மூன்று முறை சொல்லுங்கள். பிறகு, இன்று யாருடைய பேச்சை நான் பாதியிலேயே வெட்டிவிடக்கூடும் என்று யோசியுங்கள். அநேகமாக ஒரு முகம் உடனே நினைவுக்கு வரும்: ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் தகப்பனார், பள்ளியில் நடந்ததைச் சுற்றிவளைத்துச் சொல்லும் மகள், கூட்டத்தில் உங்கள் யோசனையை எப்போதும் மறுக்கும் சக ஊழியர். அந்த ஒருவருக்காகப் பெயர் சொல்லி ஜெபித்து, இன்று அவர் பேசி முடிக்கும்வரை வாய் திறப்பதில்லை என்று தீர்மானியுங்கள். மாலையில் அந்த மகள் பேசத் தொடங்கும்போது, உங்கள் நாவில் பதில் தயாராக வந்து நிற்கும். கண் கைபேசியை நாடும். அந்தக் கணத்தில் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பதுதான் காலையில் வாசித்த வசனத்தின் தொடர்ச்சி. நான் குறுக்கிடாவிட்டால் நேரம் வீணாகும் என்று இதுவரை நம்பிவந்த மனம், அவள் கடைசியாகத் தயங்கிச் சொன்ன ஒரு வாக்கியத்தைக் கேட்டபோது, அந்த நம்பிக்கை தவறு என்பதைத் தானே காணும். இப்படிக் கண்டது, பத்து அதிகாரங்கள் வாசித்திருந்தாலும் கிடைத்திருக்காது.

முதலாம் சங்கீதம் இரவும் பகலும் தியானமாயிருக்கிற மனுஷனைப் பாக்கியவான் என்கிறது. பகல் முழுவதும் வேதத்தைத் திறந்து வைத்திருக்க வயலில் உழுதவராலும் மந்தை மேய்த்தவராலும் முடிந்திருக்காது. மனதில் பதித்ததை வேலையின் நடுவில் அசைபோட்டவர்களைப் பற்றித்தான் அந்தச் சங்கீதம் பேசியிருக்க வேண்டும். ஆகவே மனப்பாடம் செய்வது பிள்ளைகளுக்குரிய பயிற்சி மட்டுமே என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடக் கூடாது.

கெட்ட எண்ணம் வருவதே பாவமா?

எண்ணம் வருவது வேறு, அதை வரவேற்று உட்காரவைப்பது வேறு. நம்மைப்போல எல்லாவிதத்திலும் சோதிக்கப்பட்டும் இயேசு பாவமில்லாதவராயிருந்தார் என்று எபிரெயர் 4:15 சொல்வதால், சோதனை வருவதையே பாவம் என்று சொல்ல இயலாது. வனாந்தரத்தில் சோதனைக்காரன் வந்தபோது அவர் மூன்று முறையும் உபாகமத்தின் வசனங்களைக் கொண்டே பதில் சொன்னார். நீண்ட விவாதத்தில் இறங்கவில்லை. எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்துகிறோம் என்று பவுல் எழுதுவதும் (2 கொரிந்தியர் 10:5) அதே மனநிலைதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. "இதை நினைக்கக்கூடாது, நினைக்கக்கூடாது" என்று மனதோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அதையே நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். எபேசியர் 4-ஆம் அதிகாரம் வெறுமனே விலக்கச் சொல்வதில்லை. ஒவ்வொன்றின் இடத்திலும் வேறொன்றை வைக்கச் சொல்கிறது. பொய்யைக் களைந்தவன் மெய்யைப் பேச வேண்டும். கெட்ட வார்த்தைக்குப் பதிலாகப் பக்திவிருத்திக்கு ஏதுவான நல்ல வார்த்தை வர வேண்டும். திருடன் திருடாமல் இருந்தால் மட்டும் போதாது, தன் கைகளால் பாடுபட்டு, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கவும் வேண்டும். பொறாமை எழும்போது அந்த மனிதரைப் பற்றி உண்மையான ஒரு நல்ல வார்த்தையை மூன்றாம் நபரிடம் சொல்லிப் பாருங்கள். பொறாமைக்கு அது பிடிக்காது.

கைபேசியும் சமூக ஊடகமும் மனதைக் கெடுக்கின்றன என்றால், முற்றிலும் விட்டுவிட வேண்டுமா?

சிலருக்கு அது அவசியமாக இருக்கலாம். எல்லோருக்கும் அதையே சட்டமாக்க வேதத்தில் ஆதாரம் இல்லை. ஆயினும், காலையில் கண்விழித்ததும் முதலில் நாம் கேட்கும் குரல் யாருடையது என்பது சாதாரண விஷயம் அல்ல. பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷம் என்றதும் உடையையும் சினிமாவையும் மட்டுமே நினைப்பது நமக்குப் பழகிவிட்டது. யாரை வெறுக்க வேண்டும், எதற்கு ஆத்திரப்பட வேண்டும், எது இல்லாவிட்டால் நாம் குறைந்தவர்கள் என்பதையெல்லாம் மணிக்கு மணி கற்றுக்கொடுக்கும் ஒரு திரையோடு ஒத்துப்போவதும் அந்த வேஷம்தான். அதில் பக்தியான பதிவுகளைப் பகிர்வதால் மட்டும் அது மாறிவிடாது. வந்த செய்தி உண்மையா என்று பாராமல் முன்னனுப்புவது, "உண்மையுள்ளவைகளெவைகளோ" என்று தொடங்கும் பிலிப்பியர் 4:8-க்கு நேர்விரோதமானது. சபைக் குழுக்களில் பரவும் செய்திகளுக்கும் இது பொருந்தும்.

வீட்டில் கோபத்தை அடக்க முடிவதில்லை. என்ன செய்வது?

வெளியே சாந்தமாக இருக்கும் பலர் வீட்டில் வெடிக்கிறார்கள் என்பதால், கோபத்தை அடக்கவே முடியவில்லை என்று சொல்வது பெரும்பாலும் சரியல்ல. மேலதிகாரியிடம் அடங்கும் கோபம் மனைவியிடம், கணவனிடம், பிள்ளைகளிடம் ஏன் அடங்குவதில்லை என்று கேட்டுக்கொள்வதே முதல் படி. யாரிடம் கோபப்பட்டால் நமக்கு நஷ்டம் இல்லையோ அவரிடமே நாம் கோபப்படுகிறோம். ஆகவே இங்கே புதிதாக வேண்டியது அந்த லாபநஷ்டக் கணக்குதான்.

சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக எரிச்சல் தணியக்கடவது என்று எபேசியர் 4:26 ஒரு காலவரம்பை வைக்கிறது. அதற்காக நள்ளிரவுவரை விவாதித்தே தீர வேண்டும் என்று பொருள்கொள்ளத் தேவையில்லை; களைப்பில் தொடரும் விவாதம் புதிய காயங்களையே தரும். "நான் கத்தியது தவறு. மீதியை நாளைக்குப் பேசுவோம்" என்று அன்றைக்கே சொல்லிவிடலாம். மன்னிப்புக் கேட்கும்போது "ஆனால் நீயும்..." என்று தொடராமல் நிறுத்துவது மிகக் கடினம், அந்த வாக்கியத்தை முற்றுப்புள்ளியோடு முடிப்பதற்கு ஜெபம் தேவைப்படும் என்று சொல்வது மிகையல்ல. பெற்றோர் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறையும் என்ற அச்சத்துக்கும் வேதத்தில் இடமில்லை.

வேலை செய்யும் இடத்தில் விசுவாசத்தை எப்படிக் காட்டுவது?

மேசைமேல் வசன அட்டை வைப்பதில் தவறில்லை. ஆனால் தானியேலின் எதிரிகள் அவரிடம் குற்றம் கண்டுபிடிக்க முயன்றபோது, ராஜ்யத்தின் காரியங்களில் அவரிடம் ஒரு குற்றமும் குறைவும் அகப்படவில்லை என்றுதான் தானியேல் 6:4 பதிவு செய்கிறது. அவர் தினம் மூன்று வேளை ஜெபித்தது அதற்குப் பின்னரே பேசப்படுகிறது. தாமதமாக வந்துவிட்டு நேரத்தோடு வந்ததாகப் பதிவு செய்யாதவர், செலவுக் கணக்கில் செய்யாத பயணத்தை எழுதாதவர், மற்றவருடைய உழைப்பைத் தம்முடையதாகக் காட்டாதவர் ஆகியோருடைய சாட்சியைத்தான் பிறர் கேட்க விரும்புவார்கள்.

எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்ற கொலோசெயர் 3:23 அடிமைகளாக இருந்தவர்களைப் பார்த்து எழுதப்பட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. நல்ல சம்பளமும் பாராட்டும் கிடைக்காத வேலையைச் செய்தவர்களுக்கு, உங்கள் உழைப்பைப் பார்க்கிறவர் ஒருவர் உண்டு என்று அது சொன்னது. அதற்கு அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே எஜமான்களுக்கும் நீதியும் செவ்வையுமானதைச் செய்யும்படி கட்டளை இருக்கிறது. ஊழியரிடம் முதல் வசனத்தை மட்டும் மேற்கோள் காட்டும் விசுவாசியான முதலாளிகள் இரண்டாவதையும் வாசிக்க வேண்டும்.

என்னைக் காயப்படுத்தியவரை மன்னித்துவிட்டேன் என்று சொன்னாலும், கசப்பு திரும்பத் திரும்ப வருகிறது. நான் மன்னிக்கவில்லையா?

எழுபது தரம் ஏழு முறை மன்னிக்கும்படி இயேசு பேதுருவிடம் சொன்னதை, புதிது புதிதாகச் செய்யப்படும் குற்றங்களுக்கு மட்டும் பொருத்திப் பார்க்கிறோம். ஒரே குற்றம் நினைவில் எழும் ஒவ்வொரு முறையும் மன்னிக்க வேண்டியிருப்பதும் அதில் அடங்கும். கசப்பு திரும்பி வருவது, முன்பு மன்னித்தது பொய் என்பதற்குச் சாட்சி அல்ல.

மன்னிப்பையும் பழைய உறவுக்குத் திரும்புவதையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. "கூடுமானால் உங்களாலானமட்டும்" எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள் என்றுதான் ரோமர் 12:18 சொல்கிறது. எல்லா நேரத்திலும் அது சாத்தியப்படாது என்பதை அப்போஸ்தலன் அறிந்திருந்தார். அடித்துத் துன்புறுத்துகிறவரின் வீட்டிலேயே தங்கியிருப்பதுதான் மன்னிப்பின் அடையாளம் என்று யாராவது வசனம் காட்டி உங்களை வற்புறுத்தினால், அதற்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. பாதுகாப்பான இடத்துக்குச் செல்வதும், காவல்துறையின் உதவியை நாடுவதும், பழிவாங்குதலைத் தேவனிடம் ஒப்புவித்திருப்பதோடு முரண்படாது. ரோமர் 13-ஆம் அதிகாரம் தீமைசெய்கிறவனைத் தண்டிக்கும் அதிகாரத்தையும் தேவ ஊழியமாகவே குறிப்பிடுகிறது.

மனச்சோர்வுக்கு மருத்துவரை நாடுவது விசுவாசக் குறைவா?

இல்லை. 1 இராஜாக்கள் 19-இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, தன் பிராணனை எடுத்துக்கொள்ளும்படி வேண்டினார். அவரை எழுப்பிய தூதன் முதலில் கடிந்துகொள்ளவில்லை. எழுந்து சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டு, குடித்து, மறுபடியும் படுத்துக்கொண்டார்; தூதன் இரண்டாந்தரமும் வந்து சாப்பிடச் சொன்னான். உபதேசம் அதற்குப் பிறகுதான். பவுலோடு இருந்த லூக்கா ஒரு வைத்தியர், அதுவும் "பிரியமான வைத்தியன்" என்று கொலோசெயர் 4:14 அழைக்கிறது. மனம் புதிதாகுதலைப் பற்றிய வசனங்களைக் கொண்டு நோயுற்ற ஒருவரைக் குற்றப்படுத்துவது அந்த வசனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். வாழவே விருப்பமில்லை என்ற எண்ணம் தொடர்ந்தால், ஜெபித்துக்கொண்டே, தாமதிக்காமல், நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

அதே பாவத்தில் மறுபடியும் விழுந்துவிட்டேன். இனி எந்த முகத்தோடு ஜெபிப்பது?

முன்பு எந்த முகத்தோடு ஜெபித்தீர்களோ அதே முகத்தோடுதான். அப்போதும் உங்கள் தகுதியால் கேட்கப்படவில்லை. சில நாள் நன்றாக இருந்து காட்டிவிட்டுப் பிறகு வருகிறேன் என்று ஜெபத்தைத் தள்ளிப்போடுவது பணிவைப் போலத் தோன்றினாலும், உண்மையில் கிருபையை விலைகொடுத்து வாங்கும் முயற்சியே. பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார் என்று 1 யோவான் 1:9 கூறுகிறது. 1517-இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசிகளின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான்.

அதோடு, எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த மனநிலையில் விழுந்தீர்கள் என்றும் பாருங்கள். பெரும்பாலும் அது ஒரே பாதையாக இருக்கும். வரிவசூலிப்பவனான சகேயு மனந்திரும்பியபோது ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான்; யாருக்காவது நஷ்டம் உண்டாக்கிய பாவமானால் கண்ணீரோடு மட்டும் நிறுத்திவிட முடியாது.

சபைக்குப் போகாமல், வீட்டிலிருந்தே இதில் வளர முடியாதா?

நோயாலோ சூழ்நிலையாலோ போக இயலாதவர்களைத் தேவன் கைவிடுவதில்லை. போக முடிந்தவர்களுக்கு என் பதில்: கடினம். பாவத்தின் வஞ்சனையினாலே கடினப்பட்டுப்போகாதபடிக்கு நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள் என்று எபிரெயர் 3:13 கேட்டுக்கொள்கிறது. வஞ்சிக்கப்படுகிறவருக்குத் தாம் வஞ்சிக்கப்படுவது தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். மேலும், சகிக்க முடியாதவர் ஒருவர்கூட இல்லாத இடத்தில் சகிப்புத்தன்மையைக் கற்க வழியில்லை.

மனம் புதிதாகி வருகிறது என்பதை எப்படி அறிவது?

ஜெபத்தில் எவ்வளவு கண்ணீர் வந்தது என்பதைக்கொண்டு அளக்க வேண்டாம். கலாத்தியர் 5:22-23 பட்டியலிடும் ஆவியின் கனியில் அன்பு, நீடிய பொறுமை, தயவு, சாந்தம் போன்றவற்றைச் சரிபார்க்க இன்னொரு மனிதர் தேவை. ஆகவே உங்களோடு ஒரே வீட்டில் வாழ்கிறவரிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான். இன்னொரு அடையாளமும் உண்டு. முன்பு உறுத்தாத ஒன்று இப்போது உறுத்தத் தொடங்கும். அதைப் பின்வாங்கல் என்று பயப்படுகிறவர்கள் உண்டு, ஆனால் மரத்துப்போயிருந்த இடத்தில் உணர்வு திரும்பும்போதுதான் வலி தெரியும்.

எங்கிருந்து தொடங்குவது?

ரோமர் 12-ஆம் அதிகாரத்தில் 21 வசனங்கள்தான் இருக்கின்றன. ஒரே மூச்சில் வாசித்து முடிக்கலாம். ஒன்பதாம் வசனத்திலிருந்து மெதுவாக வாசித்து, எந்த வசனத்தில் ஒரு குறிப்பிட்ட மனிதரின் பெயர் மனதில் வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். பெரும்பாலும் "ஒருவனுக்கும் தீமைக்குத் தீமைசெய்யாதிருங்கள்" என்ற வசனத்துக்குள் வருவதற்கு முன்பே யாராவது வந்துவிடுவார்கள். அந்த ஒருவருக்கு இந்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்: திருப்பித் தராத பணத்தைத் தருவது, எடுக்காமல் விட்ட அழைப்புக்குத் திரும்ப அழைப்பது, துக்க வீட்டுக்குப் போய் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பது. அதைச் செய்து முடிக்கும்வரை அடுத்த அதிகாரத்துக்குப் போக வேண்டாம்.